கலவாமலும் பிரியாமலும்

பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு பாடலில் ஏதேனும் ஒன்று கேட்கவில்லை எனில், அதன் ஒலியைக் கூட்டினால் போதும் என்றே பொதுவாக எண்ணுவோம். வீட்டின் ஓர் அறையில் கணினியை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் முதல் வாரத்திலேயே வேறொன்றைக் கண்டுகொள்கின்றனர். வயலின் கேட்கவில்லையென்று வயலினைக் கூட்டினால் கிதார் மறைகிறது. கிதாரைக் கூட்டினால் குரல் மங்குகிறது. குரலைக் கூட்டினால் தபேலா எங்கோ தொலைவுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, மொத்தமும் உச்சத்தை முட்டிக் கரகரக்கிறதே ஒழிய எதுவும் தெளிந்தபாடில்லை. மீன் அங்காடியில் ஒருத்தி குரலை உயர்த்த, அடுத்தவளும் உயர்த்த, கடைசியில் விலை என்னவென்றே வாங்க வந்தவனுக்குக் கேட்காமற் போகும் கதைதான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் கருவிக்கு ஈக்வலைசர் என்று பெயர். நம் தலைமுறையினருக்கு அது புதிய சொல் அன்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீடுகளில் இருந்த டேப் ரிக்கார்டர்களின் முகப்பில் மேலும் கீழும் நகரும் ஐந்து சிறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். இரு ஓரங்களையும் உயர்த்தி நடுவைத் தாழ்த்தி, சிரிக்கும் வாய்போல அமைத்துவிட்டு, ‘நல்ல சவுண்டு’ என்று மகிழ்ந்த இளைஞர் பலர். கருவியின் பிறப்போ இதைவிடப் பழையது. தொலைபேசி தொடங்கிய காலத்தில், நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் பேச்சின் உயர்ந்த அதிர்வுகள் தேய்ந்து, மறுமுனையில் மந்தமான முணுமுணுப்பே வந்து சேர்ந்தது. தேய்ந்ததை ஈடுசெய்து, புறப்பட்ட ஒலிக்கு வந்த ஒலியைச் சமமாக்கியதால் அதற்குச் ‘சமனாக்கி’ என்ற பொருளில் அப்பெயர் வந்தது. இசைப்பதிவுக்கு வந்தபின் அதன் வேலை மாறிற்று. 1972இல் ஜார்ஜ் மாசன்பர்க் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட வடிவமைப்புக்குப் பின், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு, எத்தனை அகலத்துக்கு ஒலியைக் கூட்டுவது அல்லது குறைப்பது என்ற மூன்றையும் தனித்தனியே திருகிக்கொள்ள முடிந்தது. அன்று பெரும் ஒலிப்பதிவுக் கூடங்களில் மட்டும் இருந்த அந்த வசதி, இன்று காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளாக ஒரு மீனவ இளைஞரின் கணினியிலும் இருக்கிறது.

அந்த இளைஞரின் வீடு வைத்திக்குப்பத்தில் உள்ளது. புதுவை நகரின் வடபகுதியில், குருசுக்குப்பத்தை அடுத்துக் கடலை ஒட்டிய ஊர் அது. மாசி மகத்தன்று சுற்றுப்புற ஆலயங்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக எழுந்தருளும் கரை அதுவே. அன்று அங்கே முழங்கும் மேளங்களையும் ஒலிபெருக்கிகளையும் எந்த ஈக்வலைசராலும் பிரிக்க இயலாது. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. திருவிழாவுக்கு அந்தக் கலவைதான் அழகு. நமது பங்கைச் சேர்ந்த சில குடும்பங்கள் அவ்வூரில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றில் பேரன் ஒலிப்பதிவு செய்கிறார், ஆயா பாடுவார்.

பாடுவார் என்பதைவிடப் பாடியிருந்தார் என்பதே சரி. பெரிய வெள்ளி இரவில் பெண்கள் கூடி, வியாகுல மாதாவின் துயரை ஒப்பாரிப் பண்ணில் பாடும் வழக்கம் நம் கடலோரக் குடும்பங்களில் மறைந்து வருகிறது. அந்த ஆயா தம் தாயிடம் கேட்டுப் பாடம் செய்த ஏழு கண்ணிகள் எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லை. கடலுக்குப் போன மகனுக்காகக் கரையில் நிற்கும் தாயாகவே அன்னை மரியா அதில் வருகிறார். சென்ற ஆண்டு மாசி மகத்துக்கு முந்தைய வாரம், வலையும் தெர்மாகோல் பெட்டிகளும் வைக்கும் பின்னறையைக் காலிசெய்து, சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தி, நள்ளிரவில் பதிவு செய்தனர். விசைப்படகுகளின் ஓசை எழுமுன் முடித்துவிட வேண்டும் என்பதற்காக அந்த நேரம். பாட்டைப் பதிந்தபின், கீபோர்டு, கிதார், வயலின், தபேலா ஆகியவற்றை நமது பாடற்குழு இளைஞர்கள் வெவ்வேறு நாள்களில் வந்து வாசித்துச் சேர்த்தனர். அது முடிவதற்குள் ஆயாவைப் பக்கவாதம் தாக்கியது. கால் ஓரளவு தேறிற்று, நா தேறவில்லை. இரண்டாம் முறை பாடச் சொல்லி ஒலிவாங்கியின் முன் அமர்த்த வழியில்லை.

நோயுறுவதற்கு முன், பாதி சேர்ந்திருந்த நிலையில் அவர் ஒருமுறை கேட்டாராம். “என்னப்பா, நான் பாடுறது பக்கத்துத் தெருவுல யாரோ பாடுறாப்பல இருக்கு” என்றாராம். முழுவதும் சேர்ந்தபின் நாமும் கேட்டோம். அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. மூன்றாம் கண்ணியில் ஒரு சொல் வருகிறது. மகனே, உன் வலியில் நான் நிற்கிறேன் என்கிறாள் தாய். அவர் குரலை மட்டும் தனியே ஒலிக்கவிட்டால் ‘வலியில்’ என்பது ஐயத்துக்கு இடமின்றிக் கேட்கிறது. எல்லாக் கருவிகளோடும் கேட்டவர்கள் அதை ‘வழியில்’ என்றே எடுத்துக்கொண்டனர். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் கடற்கரைப் பேச்சில் ‘வளியில்’ என்பதற்கும் ‘வலியில்’ என்பதற்கும் உள்ள தொலைவு மயிரிழைதான். வழி என்றாலும் பொருள் வருகிறது. சிலுவைப் பாதையின் ஓரத்தில் நிற்கும் தாய் என்று கொள்ளலாம். ஆகவே எவருக்கும் ஐயமே எழாது. பிழையென்று தெரியாமலே ஒரு பிழை பாடலாகிவிடும். அடுத்த தலைமுறை அப்படியே பாடும்.

குரல் பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண்ணைப் பாடவைத்து ஆயாவின் குரலை நீக்கிவிடலாம் என்று குழுவில் சிலர் கூறினர். தரமான யோசனைதான். நாம் அதற்கு இசையவில்லை. ஒப்பாரியை அழகாகப் பாடிவிட முடியும். அறுபது ஆண்டு கரையில் நின்ற குரலைப் பாடிவிட முடியாது.

ஒரு சொல் ஏன் இப்படி மறைகிறது? தொலைபேசி ஆய்வாளர்களே இதற்கும் விடை கண்டனர். பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த வெகல், லேன் இருவரும் 1924இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் ஒலி தன் அருகிலுள்ள அதிர்வெண் கொண்ட மற்றோர் ஒலியைச் செவிக்கு எட்டாமல் மறைத்துவிடுகிறது என்பதை அளந்து காட்டியது. அதிலும் தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைப்பது எளிது. உயர்ந்தது தாழ்ந்ததை மறைப்பது அரிது. மறைக்கப்பட்ட ஒலி காற்றில் இருக்கவே செய்கிறது. செவியின் உள்ளே அதற்கு உரிய இடத்தை மற்றொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் எனினும், இடநெருக்கடி பெரும்பாலும் இரண்டு பகுதிகளிலேயே நிகழ்கிறது. ஒன்று 200 முதல் 500 வரை. ஏறக்குறைய எல்லாக் கருவிகளின் உடலும் அங்கேதான் இருக்கிறது. மற்றது 2,000 முதல் 4,000 வரை. செவி மிகக் கூர்மையாக இருப்பதும், மெய்யெழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதும் அங்கேதான். நாவை மடித்து ஒலிக்கும் ளகரத்தையும் மடிக்காமல் ஒலிக்கும் லகரத்தையும் பிரித்துக் காட்டும் அடையாளமும் பெரிதும் அப்பகுதியிலேயே விழுகிறது. நமது கீபோர்டின் நீண்ட நாதமோ இவ்விரண்டு இடங்களிலும் கால் நீட்டிப் படுத்திருந்தது.

முற்காலத்துத் திரையிசைப் பதிவுகளில் இச்சிக்கல் இந்த அளவுக்கு எழவில்லை. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் இசைத்தனர். உரத்த கருவி தள்ளி அமர்ந்தது. மென்மையானது ஒலிவாங்கியை நெருங்கி அமர்ந்தது. இசையமைப்பாளரே குரல் பாடும்போது எவர் ஓய்ந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். யாவரும் யாவரையும் கேட்டபடி வாசித்தனர். பின்னர் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதியும் முறை வந்தது. சென்னை கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டின் பின்புறத்தில் அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடம், வீட்டு வளாகத்திலிருந்தே எத்தகைய இசை புறப்பட முடியும் என்பதை 1992இல் ‘ரோஜா’ படத்தின் மூலம் நாட்டுக்கு உணர்த்தியது. அங்கே நெடுங்காலம் ஒலிப்பதிவாளராக விளங்கி 2008இல் மறைந்த எச். ஸ்ரீதரை, அத்துறையினர் இன்றும் மதிப்புடன் நினைவுகூர்கின்றனர். அக்கூடத்தின் பாடல்களில் ஒரு சிறு மணியோசைகூடத் தனக்கென ஓரிடத்தில் நின்று ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களே இன்று வீட்டில் பதிவு செய்கின்றனர். ஆனால் வீட்டுப் பதிவில் கிதார்க்காரர் ஞாயிறன்று வருகிறார். வயலின்காரர் வியாழனன்று வருகிறார். ஒவ்வொருவரும் தனித்திருந்து வாசிப்பதால், தம் கருவி நிறைவாக ஒலிக்க வேண்டும் என்று முழுவதையும் நிரப்பிவிடுகின்றனர். ஐந்து நிறைவுகள் ஒன்றுசேர்ந்தால் நெருக்கடிதான் மிஞ்சும்.

பேரனோடு அமர்ந்து பல மாலைகள் இதைக் கேட்டோம். திருகுகிற கை அவருடையது. சொல் கேட்கிறதா இல்லையா என்று கூறுவதே நமது வேலை. முதலில் ஆயாவின் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த அனைத்தையும் அகற்றினார். அவரது குரல் 180க்குக் கீழே இறங்குவதே இல்லை. அதற்குக் கீழே இருந்தது அவரல்லர். கடலின் உறுமலும் மின்விசிறியின் அதிர்வும்தான். கிதாரிலும் 120க்குக் கீழே உள்ளதை நீக்கினார். இதை அவர் தம் தகப்பனாருக்கு விளக்கிய விதம் நமக்குப் பிடித்திருந்தது. “வலைக்கண் மாதிரிதாம்பா. கண்ணு பெருசா இருந்தா நெத்திலி போயிடும், கானாங்கெளுத்தி நிக்கும். எது நிக்கணும்னு நாமதான் கண்ணு பாத்துப் போடணும்” என்றார். தகப்பனார் தலையசைத்தார். நாம் குருமடத்தில் கற்ற எந்த விளக்கமும் இத்துணைச் சுருக்கமாக இருந்ததில்லை.

தபேலாவில் கைவைக்கும்போது எச்சரிக்கை தேவைப்பட்டது. தோற்கருவிகளின் ஒலி பொதுவாக ஒழுங்கற்ற அதிர்வுகளின் கூட்டம். மிருதங்கமும் தபேலாவும் விலக்கு. அவற்றின் நடுவே பூசப்பட்டுள்ள கரிய பசையால் மேலதிர்வுகள் சுருதிக்கு இசைந்த ஒழுங்கில் அமைகின்றன என்பதைத் திருச்சி மண்ணில் பிறந்த சி. வி. இராமன் 1920இலேயே எடுத்துரைத்தார். தபேலாவின் வலந்தலைக்குச் சுருதி உண்டு. ஆகவே அது குரலின் அக்கம்பக்கத்திலேயே குடியிருக்கிறது. கண்மூடித்தனமாக நடுவை வெட்டினால் சுருதி போய்ப் பலகை தட்டும் ஓசைதான் மிஞ்சும். அதனை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டோம். அடிக்கும் கணத்தில் மட்டும் ஒலித்து அடங்கிவிடுவதால் அது சொல்லை நெடுநேரம் மறைப்பதும் இல்லை. வயலினில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே சற்றுக் குறைத்ததே போதுமாயிற்று.

குற்றவாளி கீபோர்டே. 300ஐ ஒட்டி 4 டெசிபல், 2,500 முதல் 3,000 வரை 3 டெசிபல் என்று அதிலிருந்து குறைத்தார் பேரன். 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிறது என்றாலும், செவிக்கு அது சிறு மாற்றமே. ஆயினும் ஆயா ஓர் அடி முன்னே வந்து நின்றாற் போலிருந்தது. அவர் குரலை நாம் தொடவே இல்லை.

கீபோர்டு வாசித்த தம்பி தம் தடத்தை மட்டும் தனியே போட்டுக் கேட்டார், முகம் வாடிற்று. “பாதர், இது கீபோர்டு மாதிரியே இல்ல. பொம்மை வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. தனியே கேட்டால் மெலிந்துதான் இருந்தது. இந்தக் கலையில் பயில்வோர் அனைவரும் தடுமாறும் இடம் இது. தனியே கேட்டுத் திருத்தினால் ஒவ்வொன்றும் கொழுத்துத் திரளும்; சேர்ந்து கேட்டுத் திருத்தினால் ஒவ்வொன்றும் இளைத்துப் பொருந்தும். எந்தக் கருவிக்கு எது வேண்டாதது என்பது, அது தனியே இருக்கும்போது தெரிவதே இல்லை. தம்பியிடம் நாம் இதைச் சொன்னபோது அவர் உடனே ஒப்பவில்லை. ஒப்பவேண்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை. அவர் மூன்று மாலை உழைத்து வாசித்தது அது.

வழிபாட்டு இசை குறித்துத் திருச்சபை 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட அறிவுரை, கருவிகள் குரலைத் தாங்க வேண்டுமேயன்றிச் சொற்கள் விளங்காதபடி மூழ்கடிக்கலாகாது என்று வகுத்திருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் திருத்தூதர் பவுலும், குழலும் யாழும் வேறுபாடு தோன்ற ஒலிக்கவில்லையெனில் இசைக்கப்படுவது யாதென்று எவர் அறிவார் எனக் கேட்கிறார். அவர் பேசியது பரவசப் பேச்சைப் பற்றி. ஆயினும் ஒலிப்பதிவாளர் எவரும் சுவரில் மாட்டிவைக்கத்தக்க கேள்வி. நமக்கோ 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தது. கிறிஸ்துவின் இரு இயல்புகளைக் குறித்து, கலப்பின்றி, பிரிவின்றி என்று தந்தையர் எச்சொற்களைத் தேடி எடுத்தனரோ, அவையே இங்கும் பொருந்தின. கருவிகள் கலந்து குழம்பலாகாது. பிரித்துப் பிரித்து ஒன்றோடொன்று உறவற்ற ஐந்து ஓசைகளாகவும் ஆகிவிடலாகாது. மறைபொருளுக்கும் கீபோர்டுக்கும் உள்ள ஒப்புமையை இதற்குமேல் இழுப்பது தகாது என்பதால் நிறுத்திக்கொள்கிறோம்.

பேரன் ஒரு பழக்கத்தை வைத்திருந்தார், அது நல்லது. திருத்தியதை ஒலியைத் தாழ்த்திவைத்தே சரிபார்ப்பார். உரக்கக் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தாழ்த்தும்போது அடிநாதமும் உச்சநாதமும் செவிக்கு முதலில் தேய்கின்றன என்பதை பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் வரைகோடுகளாகவே தீட்டிவிட்டனர். அந்நிலையிலும் சொல் நிற்கிறதா என்பதே தேர்வு. மேலும் இப்பாடலைக் கேட்கப்போகிறவர்கள் விலையுயர்ந்த ஒலிபெருக்கியில் கேட்கப் போவதில்லை. இடுப்பில் செருகிய கைப்பேசியில், காற்றும் கடலும் இரைய, மீன் பிரித்துக்கொண்டே கேட்பார்கள். கிதாரை இடப்புறமும் வயலினை வலப்புறமும் ஒதுக்கிவைக்கும் உத்தியெல்லாம் அந்தச் சிறு துளையிலிருந்து ஒன்றாகவேதான் வெளிவரும்.

ஆகவே தேர்வைக் கரையிலேயே வைத்தோம். பாடலை முன்பு கேட்டிராத மூன்று பெண்களிடம் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு, மூன்றாம் கண்ணியில் தாய் எங்கே நிற்கிறாள் என்று கேட்டோம். இருவர் ‘வலியில்’ என்றனர். ஒருவர், சற்று யோசித்துவிட்டு, ‘வழியில்தான்’ என்றார். இன்னும் 2 டெசிபல் குறைக்கலாமா என்று பேரன் யோசித்தார். குறைத்துப் பார்த்தார், கீபோர்டு குரலைத் தாங்குவதை விட்டுவிட்டது. ஆயா வெட்டவெளியில் தனியே நின்றார். திரும்பப் பழைய அளவுக்கே வந்தோம். கருவியால் ஆவது அவ்வளவுதான் என்று பட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டுத் தம்பி, அந்த வரியைத் தமக்கு மட்டும் மறுபடி போடச் சொன்னார். இரண்டு முறை கேட்டார். பிறகு அந்த வரி முழுவதும் தம் வலக்கை நாதத்தை எடுத்துவிடச் சொன்னார். ஏறத்தாழ நான்கு வினாடி. இடக்கையின் ஒற்றைச் சுரம் மட்டும் கீழே நின்றது.

மறுநாள் காலை, மீன் விற்றுத் திரும்பிய வேறொரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கைப்பேசியைக் காதருகே பிடித்துக் கேட்டார். நாம் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், “வலியிலதான் சாமி” என்றார். முழுப்பாட்டையும் மறுபடி போடச் சொல்லி அங்கேயே மணலில் அமர்ந்துவிட்டார்.